டீச்சர் பதில்கள்: அரசர் இல்லாத நேபாளம்

காட்மாண்டு பள்ளத்தாக்கில் நெடுங்காலம் கணித ஆசிரியையாக இருந்தவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். நேபாளம் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

டீச்சர், நேபாளத்தில் 'ராஜா வேண்டும்' என்று ஊர்வலம் போனார்களே! போராடி இறக்கிய மன்னரையே திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்றால், மக்களாட்சி அங்கே தோற்றுப்போய்விட்டது என்றுதானே அர்த்தம்?
*- வங்கி ஊழியர் ஒருவர்*

இல்லை தம்பி. அந்தக் கூட்டத்தின் கோபம் நியாயமானது. கேட்கிற மருந்துதான் தவறு.

2025 மார்ச் 9 அன்று போகராவிலிருந்து திரும்பிய முன்னாள் மன்னர் ஞானேந்திராவை வரவேற்க, காட்மாண்டுவின் திரிபுவன் விமான நிலையத்துக்கு வெளியே பெருங்கூட்டம் கூடியது. மார்ச் 28 அன்று திங்குனே பகுதியில் நடந்த கூட்டம் கலவரமாகி இரண்டு உயிர் போனது. அதில் ஒருவர் செய்தி எடுக்கப் போயிருந்த தொலைக்காட்சி ஒளிப்பதிவாளர்.

அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாருமே அரச பக்தர்கள் என்று நான் நினைக்கவில்லை. 2008-இல் குடியரசான நாளிலிருந்து ஒரு பிரதமராவது ஐந்து ஆண்டு முழுதாகப் பதவியில் இருந்ததில்லை. 2015 கடைசியிலிருந்து பத்து ஆண்டு கே.பி. ஒலி, ஷேர் பகதூர் தேவுபா, மாவோயிஸ்ட் தலைவர் பிரசண்டா என்று மூன்று பேர் கூட்டணியை மாற்றி மாற்றி அமைத்து முறை வைத்து ஆண்டார்கள். என்னிடம் அல்ஜிப்ரா படித்த பிள்ளைகளில் பலர் இன்று கத்தாரிலும் மலேசியாவிலும் வேலை பார்க்கிறார்கள். வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணம் நேபாளத்தின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய கால் பங்கு. பிள்ளையை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பும் அப்பா அம்மாவுக்கு ஆட்சியின் மேல் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் அரசர் கையில் நாடு இருந்தால் எப்படி இருக்கும் என்பதை நான் அங்கே இருந்து பார்த்தவள். 2005 பிப்ரவரி 1 காலையில் ஞானேந்திரா தொலைக்காட்சியில் தோன்றி, அரசைக் கலைத்துவிட்டதாகவும் அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். உடனே வீட்டுத் தொலைபேசி, கைபேசி, இணையம் எல்லாம் துண்டிக்கப்பட்டன. பத்திரிகை அலுவலகங்களுக்குள் ராணுவத்தினர் போய் உட்கார்ந்து, எது அச்சாகலாம் என்று பார்த்தார்கள். பண்பலை வானொலிகள் செய்தி வாசிக்கக் கூடாது என்று தடை. சில பத்திரிகைகள் தலையங்கத்துக்கான இடத்தை வெறுமையாக விட்டே அச்சடித்தன. மூன்று ஆண்டுக்குள் அமைதியும் மக்களாட்சியும் திரும்பும் என்று அரசர் வாக்குக் கொடுத்தார். மக்கள் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஊரடங்கையும் மீறித் தெருவில் இறங்கினார்கள். ஏப்ரல் 24 அன்று நாடாளுமன்றத்தைத் திருப்பிக் கொடுப்பதாக அவரே அறிவிக்க வேண்டியதாயிற்று.

இன்று ராஜா வேண்டும் என்று கோஷம் போடும் இருபது வயதுப் பிள்ளைக்கு அந்த நாட்கள் நினைவில் இருக்காது. அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது எங்களைப் போன்றவர்களின் வேலை.

உலகத்திலேயே இந்து ராஜ்யம் என்று இருந்தது நேபாளம் ஒன்றுதான். நூற்றுக்கு எண்பது பேர் இந்துக்கள். அவர்களைக் கேட்காமலே அதை மதச்சார்பற்ற நாடாக மாற்றியது நியாயமா?
*- ஓர் இல்லத்தரசி*

2021 கணக்கெடுப்பின்படி இந்துக்கள் 81.19 சதவீதம் அம்மா. பௌத்தர்கள் 8.21, முஸ்லிம்கள் 5.09, கிராத மதத்தினர் 3.17, கிறிஸ்தவர்கள் 1.76. பொது வாக்கெடுப்பு நடக்கவில்லை என்பதும் உண்மைதான். 2006 மே 18 அன்று, மீண்டும் கூடிய நாடாளுமன்றம் ஒரு பிரகடனத்தில் மன்னரின் அதிகாரங்களைப் பிடுங்கியதோடு நாடு மதச்சார்பற்றது என்றும் அறிவித்துவிட்டது.

ஆனால், இந்து நாடு என்று ஆக்கியபோது மட்டும் யாரைக் கேட்டார்கள்? 1959-இல் முதல் பொதுத்தேர்தல் நடந்து பி.பி. கொய்ராலா பிரதமரானார். 1960 டிசம்பரில் மன்னர் மகேந்திரா அவரைச் சிறையில் அடைத்து நாடாளுமன்றத்தைக் கலைத்தார். கட்சிகளைத் தடை செய்தார். நேபாளம் இந்து நாடு என்பது அதற்குப் பிறகு 1962-இல் அவர் தந்த அரசியலமைப்பில் எழுதிச் சேர்க்கப்பட்டது. வாக்குப் பெட்டியை மூடியவர்தான் மதத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தவர். ஆட்சிக்கு மக்களின் ஒப்புதல் இல்லை என்றபோது கடவுளின் ஒப்புதல் அவருக்குத் தேவைப்பட்டது.

அதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. பிரதமர் ஜங் பகதூர் ராணா காலத்தில் 1854-இல் வந்த முலுகி ஐன் என்ற சட்டம், யார் கையில் தண்ணீர் வாங்கலாம், யாரைத் தொட்டால் தீட்டு என்பதையெல்லாம் அரசுச் சட்டமாகவே எழுதி வைத்தது. ஒரே குற்றத்துக்குச் சாதிக்கு ஒரு தண்டனை. 1963-இல் புதிய முலுகி ஐன் வந்தபோதுதான் அது போனது. மதமும் அரசும் ஒன்றாக இருந்த காலத்தைப் பொற்காலம் என்கிறவர்கள் அதை ஒரு தலித் நேபாளியின் வீட்டில் உட்கார்ந்து சொல்லிப் பார்க்கட்டும்.

என்னோடு வேலை பார்த்த தமாங் இனத்து ஆசிரியை ஒருவர் ஒரு தசைன் பண்டிகை விடுமுறைக்கு முன்னால் தன் தாத்தா காலத்தைப் பற்றிச் சொன்னார். அவர்கள் வீட்டில் பௌத்த குருவான லாமாதான் பூஜை செய்வாராம். ஆனாலும் தசைன் அன்று ஊர்த் தலைவர் வீட்டுக்குக் காணிக்கையோடு போய் நெற்றியில் டீக்கா வைத்துக்கொள்ள வேண்டும். போகாவிட்டால் அரசரை மதிக்காதவர் என்ற பெயர் வரும். பண்டிகை பிடிக்காமல் அவர் அதைச் சொல்லவில்லை. கட்டாயம் என்ற நினைப்பு மூன்று தலைமுறை கழித்தும் அவர் குரலில் இருந்தது.

உங்கள் வருத்தத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. 2015-இல் அரசியலமைப்பு வரைவைக் கொண்டுபோய்க் கருத்துக் கேட்டபோது நிறையப் பேர் மதச்சார்பின்மை வேண்டாம் என்றார்கள். கட்சிகள் அதை ஒதுக்கிவிட்டு மேலே போனார்கள். பசுபதிநாதரை யாரும் பறிக்கப் போவதில்லை, உங்கள் வீட்டுப் பூஜையை யாரும் தடுக்கப் போவதில்லை என்று கிராமம் கிராமமாகப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தச் சோம்பேறித்தனத்துக்கான விலையைத்தான் இப்போது தெருவில் கொடுக்கிறார்கள். அதற்காக 1.76 சதவீதம் பேரின் வழிபாட்டு உரிமையை 81 சதவீதம் பேரின் வாக்குக்கு விடலாம் என்றால், அதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மன்னர் போன பிறகு பசுபதிநாதர் கோயில், குமாரி தேவி பூஜை இதெல்லாம் யார் பொறுப்பு? மதச்சார்பற்ற அரசு கோயில் காரியத்தில் தலையிடலாமா?
*- ஓய்வுபெற்ற அரசு அலுவலர்*

ஐயா, இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

அரண்மனையைக் காலி செய்வது சுலபமாக முடிந்துவிட்டது. 2008 மே 28 அன்று அரசியல் நிர்ணய சபை 560-க்கு 4 என்ற வாக்கில் குடியரசை அறிவித்தது. ஜூன் 11 அன்று ஞானேந்திரா நாராயணஹிட்டி அரண்மனையை விட்டு வெளியேறினார். அந்த இடம் பிறகு அருங்காட்சியகமானது. ஆனால் நேபாளத்தில் அரசர் என்பவர் அரண்மனையில் மட்டும் இல்லை. கோயில்களில், தேரோட்டங்களில், நில ஏடுகளில் எல்லாம் அவருக்கு ஓர் இடம் இருந்தது. அந்த இடத்தில் யார் உட்காருவது என்று யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை.

இந்திர ஜாத்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் திருவிழாவின்போது, உயிருள்ள தெய்வமாக வணங்கப்படும் சிறுமியான குமாரி தேவி அரசருக்கு டீக்கா இடுவாள். ஷா மன்னர் பரம்பரையின் பிருத்வி நாராயண ஷா 1768-இல் காட்மாண்டுவைப் பிடித்ததே அந்தத் திருவிழா நேரத்தில்தான். நுழைந்தவர் குமாரியிடம் டீக்கா வாங்கிக்கொண்டார், ஆட்சி அவருடையதாயிற்று. 2007-இல் அந்த இடத்தில் பிரதமர் கிரிஜா பிரசாத் கொய்ராலா போய் நின்றார். அடுத்த ஆண்டு முதல் குடியரசுத் தலைவர் ராம் பரண் யாதவ். தெற்குச் சமவெளியான தராயிலிருந்து வந்த, விவசாயக் குடும்பத்து மனிதர். வசந்தபூர் சதுக்கத்துக் கூட்டத்தில் நானும் இருந்தேன். என் பக்கத்தில் நின்ற, காட்மாண்டு பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் பெண்கள் அவரைப் பார்க்கத்தான் முண்டியடித்தார்களே தவிர, ராஜா எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் அதே 2008-இல் புதிய மாவோயிஸ்ட் அரசு, திருவிழாவில் பலிக்கான விலங்குகளுக்குக் கொடுத்துவந்த பணத்தை நிறுத்தியது. காட்மாண்டு கொதித்தது. தெருவில் டயர் எரிந்தது, கடைகள் மூடின. சில நாளில் அரசு பணிந்தது. எனக்குப் பலி கொடுப்பதில் விருப்பமில்லை, அன்றும் இல்லை. இருந்தாலும் அந்த விஷயத்தில் நேவார் மக்கள் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன். காரணம் நிலம். நேபாளத்தில் கோயிலுக்கும் திருவிழாவுக்கும் எழுதி வைத்த சொத்தை குட்டி என்பார்கள். பரம்பரை பரம்பரையாக அந்தந்தச் சமூகம் அதைப் பார்த்துக்கொண்டது. 1964-இல் மகேந்திரா காலத்தில் குட்டி சன்ஸ்தான் என்ற அரசு அமைப்பை உண்டாக்கி, அதில் பெரும் பகுதியை அரசே எடுத்துக்கொண்டது. ஆக, திருவிழாவுக்கு அரசு கொடுத்தது கொடை இல்லை. எடுத்துக்கொண்ட நிலத்துக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி. நிலத்தை வைத்துக்கொண்டு, நாங்கள் மதச்சார்பற்றவர்கள் என்று பணத்தை மட்டும் நிறுத்துவது நேர்மை இல்லை.

பசுபதிநாதர் விஷயம் இன்னும் சிக்கல். அங்கே மூலவரைத் தொட்டுப் பூஜை செய்யும் பட்டர்கள் கர்நாடகத்திலிருந்து போகிறவர்கள். அரசர் காலத்தில் அந்த நியமனத்துக்கு அரண்மனைதான் ஆதாரம். அரசர் போனதும் அந்த அதிகாரம் பிரதமர் பக்கம் வந்தது. பிரசண்டா அரசு தென்னிந்தியப் பட்டர்களை மாற்றி நேபாளிகளை நியமித்தது. கோயிலின் உள்ளூர் உதவியாளர்களான பண்டாரிகள் எதிர்த்தார்கள், உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, 2009 ஜனவரியில் பிரதமர் பின்வாங்கினார். அதே ஆண்டு செப்டம்பரில், கர்நாடகத்திலிருந்து புதிதாக வந்த பட்டர்கள் இருவரை ஒரு கும்பல் அடித்து அவமானப்படுத்தியது.

கடவுள் நம்பிக்கை இல்லாத ஒரு கட்சியின் தலைவர், யார் அபிஷேகம் செய்வது என்று முடிவு செய்ய உட்கார்ந்தார். அரசர் செய்தபோது அது மதம் என்றார்கள், பிரதமர் செய்தபோது அது சீர்திருத்தம் என்றார்கள். இரண்டு பேரும் செய்தது ஒரே வேலைதான். மதச்சார்பற்ற அரசு முதல் நாளே விட வேண்டிய அதிகாரம் அது. கையில் வந்ததும் விட மனம் வரவில்லை.

2019 ஜூனில் இன்னொரு முயற்சி நடந்தது. குட்டிச் சொத்துகளை ஓர் ஆணையத்தின் கீழ்க் கொண்டுவர மசோதா வந்தது. காட்மாண்டுவின் மைதிகர் மண்டலாவில் பல்லாயிரம் நேவார்கள் திரண்டார்கள். பூசாரி, விவசாயி, வாத்தியக்காரர், ராஜாவைக் கண்டாலே ஆகாத இளைஞர் என்று எல்லாரும் வந்தார்கள். அரசு மசோதாவைத் திரும்பப் பெற்றது. அந்தப் போராட்டத்தில் எனக்கு ஒரு பதில் தெரிகிறது. திருவிழாவும் கோயிலும் அதைக் காலங்காலமாக நடத்துகிற மக்களிடம் போகட்டும். அரசு கணக்கை மட்டும் பார்க்கட்டும், நிலம் களவு போகாமல் காக்கட்டும்.

அரசு தலையிட வேண்டிய இடமும் உண்டு. குமாரியாக இருப்பது ஒரு சின்னக் குழந்தை. அந்தக் குழந்தைக்குப் படிப்பும் உடல்நலமும் மற்றக் குழந்தைகளுக்கு உள்ள உரிமைகளும் உண்டு, மரபைச் சொல்லி அதை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்புச் சொன்னது. பூஜையை நிறுத்தச் சொல்லவில்லை. பிள்ளையைப் பார்த்தது. ஒரு டீச்சராக அந்தத் தீர்ப்பைப் படித்து நான் மனம் நிறைந்து போனேன்.

இப்போது நேபாளம் உண்மையிலேயே மதச்சார்பற்ற நாடுதானா?
*- கல்லூரி மாணவி*

பாதிதான் அம்மா.

2015 அரசியலமைப்பின் நான்காவது பிரிவு நாடு மதச்சார்பற்றது என்கிறது. அதற்குக் கீழேயே ஒரு விளக்கம் இருக்கிறது. தொன்றுதொட்டு வரும் மதத்தையும் பண்பாட்டையும் பாதுகாப்பது, அதோடு மதச் சுதந்திரம், பண்பாட்டுச் சுதந்திரம் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். ஒரு கையால் கொடுத்ததில் கொஞ்சத்தை மறு கையால் எடுத்துக்கொண்டார்கள். பசு தேசிய விலங்கு. 26-ஆவது பிரிவு ஒருவரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2017-இல் வந்த குற்றவியல் சட்டத்தில் அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

காசு கொடுத்தோ மிரட்டியோ மதம் மாற்றினால் தண்டியுங்கள், நானும் ஆதரிப்பேன். ஆனால் இந்தச் சட்டம் அங்கே நிற்கவில்லை. தன் நம்பிக்கையைப் பற்றி ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் மனம் விட்டுப் பேசுவதைக்கூட வழக்காக்க முடியும். மன்னராட்சி போனது, அந்தக் காலத்துப் பயம் மட்டும் புதிய சட்டத்தில் குடியேறிவிட்டது. அரசியலமைப்பைத் திருத்துவது பற்றி யார் பேசினாலும் நான் முதலில் கேட்பது, இந்தப் பிரிவை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதுதான்.

பிரிட்டனில் மன்னர் இருக்கிறார், அவரே திருச்சபைக்கும் தலைவர். அங்கே மக்களாட்சி நன்றாகத்தானே நடக்கிறது?
*- பொறியாளர்*

நடக்கிறது. ஆனால் அங்கே அரசரின் கையிலிருந்து அதிகாரம் சில நூற்றாண்டுகளாகக் கழன்று கழன்று போய்விட்டது. நேபாளத்தில் 2005-இல்கூட ராணுவம் அரசர் சொல்லைத்தான் கேட்டது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

பிரிட்டனிலும் மிச்சம் மீதி இருக்கத்தான் செய்கிறது. இங்கிலாந்துத் திருச்சபையின் பிஷப்புகள் 26 பேருக்கு இன்றும் பிரபுக்கள் சபையில் இடம். கத்தோலிக்கர் அரியணை ஏற முடியாது. கத்தோலிக்கரை மணந்தவர் ஏறலாம் என்பதே 2015-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதே நாட்டில் வேல்ஸ் பகுதியில் 1920-இலேயே திருச்சபையை அரசிலிருந்து பிரித்தார்கள், அரசரும் இருந்தார், வானமும் இடிந்து விழவில்லை. சுவீடன் 2000-இல் செய்தது. அரசர் கேள்வியும் மதக் கேள்வியும் தனித்தனிக் கேள்விகள் என்பதற்கு இவை நல்ல உதாரணம். நேபாளத்தில் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்கப் பார்க்கிறார்கள். இந்து நாடு வேண்டும் என்கிறவர்களில் எத்தனையோ பேருக்கு ராஜா வேண்டாம், அதையும் மறந்துவிடக் கூடாது.

2025 செப்டம்பரில் இளைஞர்கள் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். இனி எந்தச் சீர்திருத்தம் முதலில் வர வேண்டும்?
*- அரசியல் அறிவியல் மாணவர்*

செப்டம்பர் 4 அன்று அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. 8-ஆம் தேதி தெருவுக்கு வந்த பிள்ளைகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, அன்று மட்டும் 19 பேர் இறந்தார்கள். பள்ளிச் சீருடையோடு வந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அந்தப் படங்களை என்னால் இன்னும் முழுதாகப் பார்க்க முடியவில்லை. மறுநாள் பிரதமர் கே.பி. ஒலி பதவி விலகினார். நாடாளுமன்றமும் அரசுத் தலைமைச் செயலகமான சிங்க தர்பாரும் உச்ச நீதிமன்றமும் எரிந்தன. 12-ஆம் தேதி முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்கி இடைக்காலப் பிரதமரானார், நாட்டின் முதல் பெண் பிரதமர். 2026 மார்ச் 5 தேர்தல் நாளாக அறிவிக்கப்பட்டது.

பாருங்கள் தம்பி, அவ்வளவு பெரிய நெருப்பிலும் வெற்றிடத்திலும் அந்த இளைஞர்கள் அரண்மனைக் கதவைத் தட்டவில்லை. ஒரு நீதிபதியைத் தேடிப் போனார்கள்.

பிரதமரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்ற கோரிக்கை பலமாக இருக்கிறது. எனக்கு அதில் பயம். ஒரே மனிதரின் கையில் எல்லாவற்றையும் கொடுத்து வருந்திய நாடு அது. பிரதிநிதிகள் சபையில் இடம் 275. அதில் 165 பேர் தொகுதியில் நின்று வருகிறார்கள். மீதி 110 பேர் கட்சிப் பட்டியலில் வருகிறார்கள். பெண்களும் தலித்துகளும் ஜனஜாதிகள் எனப்படும் பழங்குடியினரும் தெற்குச் சமவெளியின் மதேசிகளும் உள்ளே வரவேண்டும் என்றுதான் அந்தப் பட்டியலை வைத்தார்கள். தலைவர்களோ அதில் சொந்தக்காரர்களையும் பணக்காரர்களையும் நுழைத்தார்கள். பட்டியலை ஒழிக்கச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். ஒழித்தால் ஒரு தலித் பெண் அந்தச் சபைக்குள் வர வேறு வழி சொல்லுங்கள். பட்டியலில் யார் என்பதை வாக்காளரே குறிக்கும்படி செய்தால் போதும். பிரதமர் பதவிக்கு இரண்டு முறைதான் என்ற வரம்பும், கட்சிக் கணக்கைப் பொதுவில் வைப்பதும் அதோடு சேர்ந்து வர வேண்டும்.

என் தோழி நேபாளப் பெண். இந்தியரை மணந்து காட்மாண்டுவிலேயே வாழ்கிறாள், மகனும் அங்கே பிறந்தவன். அவனுக்கு நேபாளக் குடியுரிமை கிடைக்குமா? அரசியல் கேள்விகளுக்கு நடுவில் இதைக் கேட்பதற்கு மன்னியுங்கள் டீச்சர்.
*- ஒரு செவிலியர்*

இது அரசியல் கேள்வியேதான் அம்மா, மன்னிப்பு எதற்கு?

அரசியலமைப்பின் 11-ஆவது பிரிவின்படி, தாய் நேபாளி, தந்தை வெளிநாட்டவர் என்றால், நேபாளத்தில் பிறந்து அங்கேயே நிரந்தரமாக வாழும் பிள்ளைக்கு இயல்புரிமைக் குடியுரிமை (விண்ணப்பித்து அரசிடம் பெறுவது) கிடைக்கலாம். வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்திருக்கக் கூடாது. தந்தை நேபாளி, தாய் வெளிநாட்டவர் என்றால் பிள்ளைக்கு வம்சாவளிக் குடியுரிமையே கிடைத்துவிடும். அம்மா வழியில் வந்தவனுக்கு மட்டும் ஒரு படி கீழே இடம். அவன் பிற்காலத்தில் பிரதமராகவோ தலைமை நீதிபதியாகவோ ஆக முடியாது, அந்தப் பதவிகளுக்கு வம்சாவளிக் குடியுரிமை வேண்டும். அரசரை இறக்கிய அரசியலமைப்பு, வீட்டுக்குள் அப்பாவின் ஆட்சியை அப்படியே விட்டுவைத்திருக்கிறது. இதை மாற்றச் சொல்லி நேபாளப் பெண்கள் பல ஆண்டாகப் போராடுகிறார்கள்.

மகனுக்கு 16 வயது ஆனதும் தோழி மாவட்ட நிர்வாக அலுவலகத்துக்குப் போய் விசாரிக்கட்டும். பிறப்புச் சான்று, தன்னுடைய குடியுரிமைச் சான்று, வார்டு அலுவலகத்தின் பரிந்துரைக் கடிதம் எல்லாவற்றையும் இப்போதே வாங்கிப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். அதுவரை அவனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு எடுக்க அவசரப்பட வேண்டாம். இரட்டைக் குடியுரிமை இரண்டு நாட்டிலும் கிடையாது.